முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருக்கிறது: பிளேட்டா, ரிங்கா, எதற்குப் பத்து நாள் காத்திருப்பு?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டவரை இதுதான் விஷயம். அப்பாவுக்கு 56 வயது. சர்க்கரை உண்டு, பீடிப் பழக்கமும் உண்டு. டூவீலரில் போகும்போது கார் இடித்ததில் முட்டிக்குக் கீழே இருக்கிற டிபியா எலும்பின் மேல்முனை இரண்டு பக்கமும் உடைந்திருக்கிறது. சேர்த்த மருத்துவமனையில் காலுக்கு வெளியே கம்பி மாட்டி, பத்து நாள் கழித்துத்தான் பிளேட் (எலும்பைப் பிடித்து வைக்கும் உலோகத் தகடு) வைக்க முடியும் என்கிறார்கள். இரண்டாவதாகக் கருத்துக் கேட்ட டாக்டர், பிளேட் வேண்டாம், ரிங் (காலைச் சுற்றி வெளியே மாட்டும் வளையங்கள்) போடலாம் என்கிறார். உறவுக்காரர்களோ கத்தியே வேண்டாம், கட்டுப் போட்டால் கூடிவிடும் என்கிறார்கள். "யார் சொல்வது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குள் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். ஒரே முறிவுக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், அதில் ஒருவராவது நம்மை ஏமாற்றுகிறாரா என்பதுதான் அது. முதல் இரண்டு டாக்டர்களைப் பொறுத்தவரை அப்படி நினைக்க வேண்டியதில்லை. ஏன் என்று சொல்கிறேன். எலும்பு முறிவு மருத்துவனாகப் பல வருடம் விபத்து வார்டில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அப்பாவின் படங்களை நான் பார்க்கவில்லை, காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் இதை அவருக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிபியாவின் மேல்முனை தட்டையாக, அகலமாக இருக்கும். தொடை எலும்பின் இரண்டு உருண்டை முனைகளும் அதன் மேல்தான் உட்காருகின்றன. உடம்பின் எடை முழுக்க இந்தத் தட்டு வழியாகத்தான் கீழே இறங்குகிறது. பக்கவாட்டிலிருந்து அடி விழும்போதோ, உயரத்திலிருந்து குதித்து விழும்போதோ தொடை எலும்பின் முனை சுத்தியலாக மாறி இந்தத் தட்டை அடித்து உடைக்கிறது. 1929லேயே காட்டன், பெர்க் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கார் பம்பர் இடித்து வரும் முறிவாக விவரித்துவிட்டார்கள். வெளிப்பக்கத் தட்டு கொஞ்சம் மென்மையானது, அடியும் அந்தப் பக்கமே அதிகம் விழுகிறது. அதனால் தனியாக உடைவது பெரும்பாலும் அதுதான். உள்பக்கத் தட்டு கெட்டி. அது உடைந்திருந்தால் அடி பலமானது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் உடைந்திருக்கிறது என்றால் எலும்பை மட்டும் பார்த்தால் போதாது, சுற்றியுள்ள தோல், தசை, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாமே அந்த அடியை வாங்கியிருக்கிறது. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இங்கேயே இருக்கிறது: எந்த ஆபரேஷன், எப்போது என்பதை எலும்பைவிடத் தோல்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

டிஸ்சார்ஜ் தாளில் ஷாட்ஸ்கர் 5 அல்லது 6 என்று எழுதியிருப்பார்கள், பாருங்கள். டொராண்டோவின் ஜோசஃப் ஷாட்ஸ்கர் 1979ல் வெளியிட்ட வகைப்பாடு அது. முதல் மூன்றும் வெளிப்பக்கத் தட்டில் வருபவை: செங்குத்தாகப் பிளந்தது ஒன்று, பிளந்ததோடு ஒரு பகுதி உள்ளே அமுங்கியது இரண்டு, பிளவில்லாமல் அமுங்கியது மட்டும் மூன்று. நான்காவது உள்பக்கத் தட்டு. ஐந்தில் இரண்டு பக்கமும் போயிருக்கும். ஆறில் அதற்கும் மேலாகத் தட்டுக்கும் எலும்பின் தண்டுக்கும் தொடர்பே விட்டுப் போயிருக்கும். எக்ஸ்ரேயில் இதைச் சொல்லிவிடலாம் என்றாலும், சிடி ஸ்கேன் இல்லாமல் ஆபரேஷனுக்குத் திட்டம் போடுவது இன்று சரியில்லை. தட்டின் பின்பகுதி உடைந்திருப்பது எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும். பின்பக்கத் துண்டை முன்பக்கத்திலிருந்து பிடிக்க முடியாது. அதனால் எங்கே கீறுவது என்பதே சிடியைப் பார்த்த பிறகுதான் முடிவாகும்.

ஆபரேஷனைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. முதல் இரண்டு நாட்களில் நோயாளி பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது எலும்பை அல்ல, கெண்டைக்காலை. கீழ்க்காலில் தசைகள் விரியாத உறைகளுக்குள் நான்கு அறைகளாக அடைபட்டு இருக்கின்றன. உள்ளே ரத்தமும் வீக்கமும் சேர்ந்தால் அறைக்குள் அழுத்தம் ஏறி, தசைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று சொல்வார்கள். வலி ஊசி போட்டும் வலி ஏறிக்கொண்டே போகும். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகும். கால் கட்டைவிரலை நாம் மெதுவாக மேலே மடக்கினால் அவர் அலறுவார். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் இரவு இரண்டு மணியானாலும் டூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதே என்று யாரும் சமாதானம் சொல்ல விடாதீர்கள். துடிப்பு இருக்கும்போதே தசை செத்துக்கொண்டிருக்கலாம். இதற்குத் தசை உறைகளை நீளமாகத் திறந்துவிடுவது ஒன்றுதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். பாதம் குளிர்ந்து வெளுத்திருந்தால் முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம். பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றால் நரம்பு அடிபட்டிருக்கலாம். அவை அடுத்த கவலைகள். உங்கள் கேள்வியைப் பார்த்தால் அப்பா இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்று தோன்றுகிறது. நல்லது.

சரி, அந்தப் பத்து நாள். முட்டிக்குக் கீழே முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், தோலுக்கு அடியில் நேராக எலும்புதான் இருக்கும். நடுவில் தசை இல்லை. பலமான அடிக்குப் பிறகு அந்தத் தோல் இழுத்துக்கட்டியதுபோல் வீங்கிப் பளபளக்கும். ஓரிரு நாளில் நீர்க் கொப்புளங்கள் வரும். சில கொப்புளங்களில் ரத்தமே நிற்கும். அந்தத் தோலைக் கீறி, அடியில் உலோகத்தை வைத்துத் தைத்தால் தையல் ஓரம் கறுத்துப் பிரியும், பிளேட் வெளியே தெரியும், சீழ் பிடிக்கும். 1980கள்வரை இரண்டு பக்க முறிவுக்குப் பிளேட் வைப்பதில் கெட்ட பெயர் வந்ததே இதனால்தான். முன்பக்கம் நடுவில் ஒரே பெரிய கீறல் போட்டு இரண்டு பக்கத் தோலையும் எலும்பிலிருந்து உரித்து வேலை செய்தார்கள். இன்று செய்வது என்னவென்றால், முதல் நாளே தொடை எலும்பில் இரண்டு பின், டிபியாவின் கீழ்ப்பகுதியில் இரண்டு பின் அடித்து, முட்டியைத் தாண்டி வெளியே கம்பியால் இணைத்து, காலை இழுத்து நேராக நிறுத்திவிடுகிறோம். நீளம் வந்துவிடும், வலி குறையும், வீக்கம் வடியும். பிறகு தினமும் தோலைப் பார்ப்போம். இழுத்த தோல் தளர்ந்து மெல்லிய சுருக்கங்கள் விழ ஆரம்பிக்கிற நாள்தான் ஆபரேஷன் நாள். சிலருக்கு ஏழு நாள், சிலருக்குப் பதினைந்து. கம்பி மாட்டிய பிறகு சிடி எடுப்பதுதான் நல்லது. காலை இழுத்து நிறுத்தியபின் எந்தத் துண்டு எங்கே என்று தெளிவாகத் தெரியும். ஆக, உங்களைக் காக்க வைத்த டாக்டர் நாளைக் கடத்தவில்லை. இப்படிப்பட்ட முறிவுக்கு, தோல் வீங்கியிருக்கும்போதே மறுநாள் காலையில் பிளேட் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும். அதேசமயம் மூன்று வாரத்துக்கு மேல் தள்ளினால் எலும்பு தவறான இடத்திலேயே கூட ஆரம்பித்துவிடும். அதைப் பிரித்துச் சேர்ப்பது இன்னும் கஷ்டம்.

ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள்? வெறுமனே பிளந்து நிற்கும் முதல் வகையென்றால், துண்டை அழுத்திச் சேர்த்துத் தோலில் சின்னத் துளை வழியாகவே இரண்டு மூன்று ஸ்க்ரூ போட்டு முடித்துவிடலாம், எலும்பு கெட்டியாக இருந்தால். அமுங்கிய வகையில்தான் வேலை அதிகம். அமுங்கிய துண்டின் மேல் மூட்டின் குருத்தெலும்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மேலிருந்து பிடித்து இழுக்க முடியாது. கீழே எலும்பில் ஒரு சின்னச் சன்னல் திறந்து, தட்டையான முனையுள்ள கம்பியை உள்ளே விட்டு, சி-ஆர்ம் திரையை, அதாவது ஆபரேஷன் நேரத்திலேயே எக்ஸ்ரே காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லத் தட்டித் தட்டி மேலே ஏற்ற வேண்டும். முட்டி ஜவ்வை, அதாவது மெனிஸ்கஸை, ஓரத்தில் தூக்கிப் பிடித்து மூட்டுப் பரப்பு சமமானதா என்று கண்ணாலும் பார்ப்போம். துண்டு மேலே ஏறியதும் அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகும். அதை நிரப்பாவிட்டால் மறுபடி அமுங்கும். இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத்தூளையோ, கால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொருளையோ வைத்து அடைப்போம். அதற்கு மேலே, மூட்டுப் பரப்புக்குச் சற்றே கீழே, ஓட்டுக்கு அடியில் ரீப்பர் அடிப்பதுபோல மெல்லிய ஸ்க்ரூக்களை வரிசையாகப் படுக்கவைத்துத் தாங்கல் கொடுப்போம். பக்கத்தில் ஒரு பிளேட்.

அப்பாவுக்கு வந்திருப்பதைப் போன்ற இரண்டு பக்க முறிவில் இன்று பரவலாகச் செய்வது இரண்டு தனித்தனிக் கீறல்கள். ஒன்று முன்பக்கம் வெளியோரமாக, மற்றொன்று பின்பக்கம் உள்ளோரமாக. நடுவில் தோலை நல்ல அகலத்துக்குத் தொடாமல் விட்டுவிடுவோம். உள்பக்கத் துண்டை அதன் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு சிறிய பிளேட், வெளிப்பக்கம் லாக்கிங் பிளேட், அதாவது ஸ்க்ரூக்கள் பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வகை. வெளிப்பக்கம் ஒரே லாக்கிங் பிளேட் போதாதா, இரண்டு எதற்கு, செலவுதானே என்று கேட்பார்கள். உள்பக்கம் ஒரே பெரிய துண்டாக, பெரிதாக விலகாமல் இருந்தால் போதும். பின்புறமாகத் தனித் துண்டு கழன்று நின்றால், வெளிப்பக்கத்திலிருந்து வரும் ஸ்க்ரூ அதைச் சரியாகப் பிடிக்காது. மெல்ல மெல்ல உள்பக்கம் இறங்கிக் கால் உள்வளைவாகிவிடும்.

இப்போது ரிங். சோவியத் ரஷ்யாவின் குர்கன் நகரில் இலிசரோவ் என்ற மருத்துவர் 1950களில் வளர்த்தெடுத்த முறை இது. மூட்டுப் பரப்பைச் சின்னத் துளைகள் வழியாக ஸ்க்ரூ போட்டுச் சேர்த்துவிட்டு, எலும்பில் மெல்லிய கம்பிகளைக் குறுக்கே செலுத்தி, விறைப்பாக இழுத்து வெளியே வளையங்களில் பூட்டுவார்கள். பெரிய கீறல் இல்லை, அடிபட்ட தோலுக்கு அடியில் பெரிய உலோகம் இல்லை. இதன் பலம் அதுதான். இதன் தொல்லையும் நிஜம். மூன்று நான்கு மாதம் காலில் வளையத்தோடு வாழ வேண்டும், வேட்டியோ லுங்கியோதான் கட்ட முடியும். கம்பி நுழையும் ஒவ்வொரு இடத்தையும் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். சில துளைகளில் சீழ் வரத்தான் செய்யும், பெரும்பாலும் மாத்திரையில் அடங்கிவிடும். மேல் கம்பிகள் மூட்டிலிருந்து கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டராவது தள்ளிக் கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சீழ் மூட்டுக்குள் போக வழியாகிவிடும்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், கனடாவின் ஐந்து விபத்து மையங்கள் சேர்ந்து 82 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வுதான் முக்கியமான சான்று. இரண்டு வருடம் கழித்துக் காலின் செயல்பாட்டில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிளேட் வைத்தவர்களில் ஆழமான தொற்றும், திட்டமிடாத மறு ஆபரேஷன்களும் அதிகம். ரிங் போட்டவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். இதைப் படித்துவிட்டு ரிங்தான் ஜெயித்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த ஆய்வில் வைத்தவை லாக்கிங் அல்லாத பழைய வகைப் பிளேட்கள். அப்புறம், ரிங் போடுவது கைப்பழக்கம் சார்ந்த வேலை. வருடத்துக்கு இரண்டே இரண்டு ரிங் போடுபவரிடம் ரிங்கும், வருடத்துக்கு இரண்டே முறை பிளேட் வைப்பவரிடம் பிளேட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: தோல் நன்றாக ஆறிச் சுருக்கம் விழுந்துவிட்டால், சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால், நான் இரண்டு கீறல் பிளேட் பக்கம்தான் போவேன். மூட்டுப் பரப்பைக் கண்ணால் பார்த்துச் சேர்க்கலாம், முட்டியைச் சீக்கிரம் மடக்கலாம். பதினைந்து நாளாகியும் கொப்புளம் ஆறவில்லை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9, 10 என்று நிற்கிறது, பீடியையும் விடமாட்டார் என்றால் எனக்கும் ரிங்தான் பாதுகாப்பாகத் தோன்றும். உங்கள் இரண்டாவது டாக்டர் அப்பாவின் தோலையும் சர்க்கரையையும் பார்த்து அதைச் சொல்லியிருக்கலாம். எலும்பு வெளியே தெரியும் காயமாக இருந்தால் கணக்கு இன்னும் மாறும். கோவை கங்கா மருத்துவமனையிலிருந்து 2006ல் வந்த மதிப்பெண் முறையைப் பாருங்கள். தோல், எலும்பு, தசை நரம்பு என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டு, சர்க்கரை போன்ற உடல் பிரச்சினைகளையும் கூட்டித்தான் காலைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கிறது.

இனிச் சந்தேகமானவை. மூட்டுப் பரப்பில் எத்தனை மில்லிமீட்டர் மேடுபள்ளம் இருந்தால் பரவாயில்லை என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்று பாடம் படித்தோம். நீண்ட காலம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளோ, கால் நேராகவும் முட்டி ஆடாமலும் இருந்தால் கொஞ்சம் மேடுபள்ளத்தை இந்த மூட்டு பொறுத்துக்கொள்கிறது என்கின்றன. அதனால் ஆபரேஷனுக்குப் பிந்தைய எக்ஸ்ரேயில் ஒரு சின்னப் படி தெரிகிறதே என்று மனம் உடைய வேண்டாம். கால் வளைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஆர்த்ராஸ்கோப், அதாவது மூட்டுக்குள் விடும் மெல்லிய கேமரா வைத்து ஆபரேஷன் செய்வது எளிய வகைகளில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்த்துச் செய்வதைவிட நீண்டகாலப் பலன் அதிகம் என்பது உறுதியாகவில்லை. வெற்றிடத்தை நிரப்ப இடுப்பெலும்பைவிடக் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் வைத்தபோது மறுபடி அமுங்குவது குறைவு என்று 2008ல் ஒரு நல்ல ஆய்வு காட்டியது. விலைதான் பிரச்சினை. தண்டுக்குள் ராட் போடலாமே என்று கேட்டால், மூட்டுக்குள் போகாத, தட்டுக்குக் கீழே மட்டும் உடைந்த முறிவுக்கு அது நல்ல வழி. அப்பாவுக்கு வந்திருப்பது அது இல்லை. எடுத்தவுடனேயே முட்டி மாற்று ஆபரேஷன் செய்துவிடலாமா என்றால், எலும்பு தேய்ந்து பலவீனமான, ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ள வயதானவர்களுக்குத் தேர்ந்தெடுத்துச் செய்கிறார்கள். 56 வயதில் நான் அதைச் சொல்லமாட்டேன்.

கட்டு விஷயத்துக்கு வருகிறேன், உறவினர்களைக் கோபித்துக்கொள்ளாமல். விலகாத முறிவு, நீட்டிய காலைப் பக்கவாட்டில் அசைத்தால் முட்டி ஆடவில்லை என்றால் ஆபரேஷனே வேண்டாம். பிரேஸ் போட்டு, கால் ஊன்றாமல் சில வாரம் இருந்தால் போதும். நாங்களே அப்படிப் பலரை அனுப்புகிறோம். புத்தூர்க் கட்டில் கூடியது என்று ஊரில் சொல்லப்படும் கால்களில் இந்த வகை நிறைய இருக்கும். ஆனால் உள்ளே அமுங்கிய மூட்டுத் துண்டை வெளியிலிருந்து எந்தக் கட்டாலும் தூக்க முடியாது, மாவுக்கட்டாலும் முடியாது. எலும்பு எப்படியும் கூடிவிடும், அமுங்கிய இடத்திலேயே கூடும். அதைவிட முக்கியம், வீங்கிக்கொண்டிருக்கும் காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் மேலே சொன்ன கம்பார்ட்மென்ட் ஆபத்தை நாமே கூப்பிடுகிறோம்.

ஆபரேஷன் பாதி வேலைதான். முட்டியை மடக்கி நீட்டுவதை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் 90 டிகிரி மடங்காவிட்டால் அப்புறம் பாடு அதிகம். கால் ஊன்றுவது நேர்மாறு. பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஊன்றக் கூடாது, வாக்கரில் ஒற்றைக் காலில்தான் நடக்க வேண்டும். ரிங் போட்டவர்களைச் சற்று முன்னதாக ஊன்ற விடுவதும் உண்டு. வலி இல்லை என்பதால் அப்பா எட்டாவது நாளே பாத்ரூமுக்கு ஊன்றிப் போவார், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து. கவனியுங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ தருவார்கள், வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பீடி எலும்பு கூடுவதையும் காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும் என்பது நிச்சயமான விஷயம். சம்மணம் போட்டு உட்கார்வதும், தரைக் கழிப்பறையில் குந்துவதும் திரும்ப வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

பின்னால் முட்டித் தேய்மானம் வருமா? வரலாம். கனடாவின் ஒன்டாரியோவில் இந்த முறிவுக்கு ஆபரேஷன் செய்தவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், பத்து வருடத்தில் 7.3 சதவீதம் பேருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் தேவைப்பட்டது. முறிவே இல்லாத, அதே வயதினரில் அது 1.8 சதவீதம். நான்கு மடங்கு என்று பார்த்தால் பயமாக இருக்கும். நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் பத்து வருடத்தில் சொந்த முட்டியோடுதான் இருந்தார்கள் என்றும் பார்க்கலாம்.

டாக்டரிடம் போகும்போது கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கம்பி மாட்டிய பிறகு எடுத்த சிடியில் பின்பக்க உள்ளோரத் துண்டு தனியாக இருக்கிறதா, இருந்தால் அதை எந்தக் கீறல் வழியாகப் பிடிக்கப் போகிறார்? வெளிக் கம்பியின் பின்கள் பிளேட் வரும் இடத்திலிருந்து தள்ளி இருக்கின்றனவா? சர்க்கரை எந்த அளவுக்கு வந்தால் ஆபரேஷன் செய்வார்? இந்த முறிவை அவர் எத்தனை செய்திருக்கிறார் என்பதையும் தயங்காமல் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்து, அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று காப்பீட்டு கவுன்டரில் விசாரியுங்கள். இவற்றைக் கேட்ட பிறகும் பிளேட் வைக்கலாம் என்றால் வையுங்கள். தோல் இன்னும் ஆறவில்லை, ரிங்தான் என்றால் அதற்கும் தலையாட்டுங்கள்.